படிக்கத் தெரியாத பாட்டி கதைப் புத்தகம் படிக்கலாமா?

டீச்சர் பதில்கள்: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் 29 ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில், அதில் கடைசி 15 ஆண்டுகள் பாலர் வகுப்பில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியை, வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதும் பகுதி.

கேள்வி: டீச்சர், எனக்கு 63 வயது. தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு வரைதான் படித்தேன். அப்புறம் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள நிறுத்திவிட்டார்கள். இப்போது டவுன் பக்கம் மலிவு விலை வீட்டில் இருக்கிறோம். மகனும் மருமகளும் ஈப்போவில் ஷிப்டு வேலை. நான்கு வயதுப் பேரன் என் பொறுப்பு. மருமகள் கோலாலம்பூர் போனபோது ஆறு படப் புத்தகம் வாங்கி வந்து, "தினமும் வாசிச்சுக் காட்டுங்க அத்தை" என்கிறாள். நான் எழுத்துக் கூட்டி ஒரு வரி முடிப்பதற்குள் பிள்ளை எழுந்து ஓடிவிடுகிறான். தப்பாக வாசித்து அவன் படிப்பைக் கெடுத்துவிடுவேனோ என்று பயம். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி இதை எழுதுகிறேன்.
– ஒரு பாட்டி, சுங்கை சிப்புட்

பதில்: உங்களைவிட எனக்கு நாலு வயசு கூட. அதனால் தங்கச்சி என்றே கூப்பிடுகிறேன். தங்கச்சி, உங்களிடம் சொல்வதற்கு முன்னால் எங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு அ, ஆ கூடத் தெரியாது. 1948 ஜூன் மாதம் நம் ஊர்ப் பக்கம் கம்யூனிஸ்டுகள் மூன்று தோட்டத் துரைமார்களைச் சுட்டுக் கொன்று, பிரிட்டிஷ் அரசு அவசரகாலம் அறிவித்தபோது அம்மாவுக்குப் பத்து வயது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துப் பக்கம் அனுப்பவில்லை. கையில் ரப்பர் பால் எடுக்கும் வாளியைக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் லயத்து வீட்டில் இருந்த ஒரே அச்சடித்த பொருள், மளிகைக்கடைக்காரர் வருஷா வருஷம் தரும் முருகன் படம் போட்ட நாட்காட்டி. சாயங்காலம் அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் நிற்பார். "மயிலு காலுக்கடியில என்னா வச்சிருக்கு?" "பாம்பு." "ஏன் புடிச்சி வச்சிருக்கு, தின்றதுக்கா?" "இல்ல, முருகன் வெளையாட." "அப்ப பாம்புக்கு வலிக்காதா?" அந்தக் கேள்விக்கு நான் அழுதிருக்கிறேன். பதிலுக்கு அம்மா ஒரு கதை கட்டுவார். மறுநாள் அதே படம், அதே மயில், கதை மட்டும் வேறு.

பல வருஷம் கழித்து ஆசிரியர் பயிற்சி ஒன்றில் இதற்கு ஒரு பெயர் இருப்பது தெரிந்தது. உரையாடல் வாசிப்பு. அமெரிக்காவில் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் குரோவர் ஒயிட்ஹர்ஸ்ட் என்பவரும் கூட இருந்தவர்களும் 1988இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு, இரண்டரை வயதுப் பிள்ளைகள். எல்லா வீட்டிலும் அம்மா அப்பா கதை வாசிக்கிறார்கள். ஒரு பாதிப் பேர் எப்போதும்போல வாசித்தார்கள். மறு பாதிப் பேருக்கு, 'வாசித்துக்கொண்டே போகாதீர்கள். கேள்வி கேளுங்கள், பிள்ளை சொல்வதை நீட்டிச் சொல்லுங்கள், அவனைக் கதை சொல்ல விட்டு நீங்கள் கேளுங்கள்' என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஒரே மாதம்தான். இரண்டாவது வகைப் பிள்ளைகள் பேச்சில் பல மாதம் முன்னே போய்விட்டார்கள். ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோது அந்த இடைவெளி குறைந்திருந்தது, ஆனால் முழுதாக மறையவில்லை. பயிற்சியில் இதைக் கேட்டதும் எனக்கு லயத்து வாசல்தான் ஞாபகம் வந்தது. தேநீர் இடைவேளையில் கழிவறைக்குப் போய் ஒரு மூச்சு அழுதுவிட்டு வந்தேன்.

ஆக, நீங்கள் வாசிக்க வேண்டாம். பேசுங்கள். ஆறு புத்தகத்தில் எதிலாவது ஒரு பூனை, ஒரு மீன்சட்டி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். எழுத்தை மறந்துவிடுங்கள். "பூனை என்னா பண்ணுது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து என்று எண்ணுங்கள். நம்மால் முடியாத காரியம் இதுதான். நாமே பதிலையும் சொல்லிவிடுவோம். அவன் "மீனு" என்று ஒரு சொல் சொல்வான். "ஆமா, சட்டிக்குள்ள மீனு. பெரிய மீனு. தாத்தா ஆத்துல புடிச்சிட்டு வருவாரே, அந்தக் கெளுத்தி மாரி மீச வச்சிருக்கா?" ஒரு சொல்லுக்கு நீங்கள் பத்துச் சொல் திருப்பித் தந்துவிட்டீர்கள். அவன் இரண்டு சொல்லாக்கித் தருவான். "மீச இல்ல பாட்டி." போதும். அடுத்த பக்கம்.

இரண்டு கேள்விகளைத் தவிர்த்துவிடுங்கள். "இது என்னா கலரு?" என்பது ஒன்று. "இது என்னா எழுத்து?" என்பது இன்னொன்று. ஒருமுறை இரண்டு முறை கேட்டால் தப்பில்லை. பக்கத்துக்குப் பக்கம் கேட்டால் பிள்ளைக்குப் பரீட்சை வாசனை வந்துவிடும். அப்போதுதான் எழுந்து ஓடுவான்.

தப்பாக வாசிப்பேனோ என்ற பயத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. 2005இல் கனடாவில், புத்தகம் வாசித்துக் காட்டும்போது பிள்ளைகளின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தார்கள். நாலு வயதுப் பிள்ளைகளின் கண் படத்திலேயே கிடக்கிறது. எழுத்துப் பக்கம் போவதே அபூர்வம். நீங்கள் கூட்டிப் படித்துத் திணறுவதை உங்கள் பேரன் பார்க்கவே இல்லை தங்கச்சி, அவன் பூனையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆனாலும் எழுத்தும் கண்ணில் பட வேண்டுமே. அதற்குத் தலைப்பு ஒன்று போதும். அட்டையில் பெரிதாக இரண்டு மூன்று சொல்தான் இருக்கும். அதை மருமகளிடம் கேட்டு மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். தினமும் புத்தகத்தை எடுத்ததும் விரலை இடமிருந்து வலம் ஓட்டி அதைச் சொல்லுங்கள். கோடு கோடாக இருக்கிறதே, அதுதான் பேசுகிறது என்பது அவனுக்குப் புரிந்துவிடும். உள்ளே தெரியாத சொல் வந்தால், "பாட்டிக்கு இது தெரியல, அம்மா வந்தொடனே கேப்போம்" என்று சொல்லி ஒரு காகிதத் துண்டைச் செருகி வையுங்கள். பாட்டிக்கும் தெரியாதது உண்டு, கேட்டால் தெரியும் என்பதைப் பிள்ளை பார்க்கட்டும்.

உங்கள் மருமகளுக்கு ஒரு வார்த்தை: அம்மா, நீங்கள் அந்த ஆறு புத்தகத்தையும் வாசித்துக் குரல் பதிவாகப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அத்தைக்கு அனுப்பிவிடுங்கள். இரவு ஷிப்டு அன்றைக்கு உங்கள் குரல் கதை சொல்லும், அத்தை பக்கம் திருப்புவார். பக்கத்துக்குப் பக்கம் நிறுத்தும்படி சொல்லுங்கள். பதிவு செய்த குரல் பிள்ளை கேட்கும் கேள்விக்கு நிற்காது. அத்தையின் கட்டைவிரல்தான் நிறுத்த வேண்டும். எழுத்தே இல்லாத, படம் மட்டுமே உள்ள புத்தகங்களும் உண்டு. அடுத்த தடவை அதில் இரண்டு வாங்கி வந்து அத்தை கையில் கொடுங்கள்.

கேள்வி: டீச்சர், நான் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். ஐந்து வயது மகளுக்கு ராத்திரி கதை வாசிக்கிறேன். புத்தகத்தில் "நரி சென்றது, நீர் அருந்தியது" என்று இருக்கிறது. மகள் என்னைப் பார்த்து, "அப்பா, இது சாமி பேசுற தமிழா?" என்று கேட்கிறாள். நான் "நரி போச்சு, தண்ணி குடிச்சிச்சு" என்று மாற்றி வாசிக்கலாமா, இல்லை புத்தகத்தில் உள்ளபடியே வாசிக்க வேண்டுமா?
– ஓர் அப்பா, கோலகங்சார்

பதில்: தம்பி, சாமி பேசுற தமிழா என்று கேட்ட பிள்ளைக்கு முதலில் என் சார்பில் ஒரு முத்தம் கொடுங்கள். பெரிய பெரிய மொழியறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதிய விஷயத்தை ஒரு கேள்வியில் பிடித்துவிட்டாள். தமிழில் பேசுவது ஒன்று, எழுதுவது இன்னொன்று. மலாய்ப் பிள்ளைக்கும் சீனப் பிள்ளைக்கும் பேச்சுக்கும் எழுத்துக்கும் வித்தியாசம் உண்டுதான். ஆனால் வினைமுற்றே வேறாகிப் போவது, 'வந்தது' என்று எழுதி 'வந்துச்சு' என்று சொல்வது, நம் பிள்ளைக்கு முதல் நாளே தலையில் இறங்கும் சுமை. பள்ளிக்கூடத்தில் முதல் பாடப்புத்தகத்தைத் திறக்கும்போது அவள் கண்ணால் எழுத்தையும் காதால் புதுத் தமிழையும் சேர்த்துக் கற்கிறாள்.

அதனால் என் யோசனை இரண்டையும் செய்வது, கலக்காமல் செய்வது. புத்தகத்து வரியை உள்ளபடியே, கொஞ்சம் ராகமாக, அவசரமில்லாமல் வாசியுங்கள். "நரி நீர் அருந்தியது." அப்புறம் புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்து அவள் முகத்தைப் பார்த்து, "பாவம், தாகம் போல, மடமடன்னு குடிச்சிச்சு" என்று வீட்டுத் தமிழில் பேசுங்கள். கண் புத்தகத்தில் இருந்தால் புத்தகத் தமிழ், கண் பிள்ளை மேல் இருந்தால் நம் தமிழ். ஒரு வாரத்தில் அவளே, "அப்பா, நீ புத்தகத்த பாக்காம படிக்கிற" என்று பிடித்துவிடுவாள். விளக்கம் சொல்லித் தராமலே இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும். ஆண்டு ஒன்றுக்குப் போகும்போது 'சென்றது' அவளுக்குப் பழைய தோழி.

மலாய் கலந்து பேசினாலும் அதட்டாதீர்கள். என் வகுப்பில் ஒரு பையன். படகுப் படத்தைக் காட்டினால் "சம்பான்" என்பான். ப, ட, கு மூன்றும் தனித்தனியாகத் தெரியும். சேர்த்து வாசித்துவிட்டு, "படகு-ன்னா என்னா டீச்சர்?" என்று என்னையே பார்த்தான். எழுத்துத் தெரிந்தும் சொல் தெரியாத அந்த முழியை நான் பல பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். "ஆமாய்யா, சம்பான்தான். கதைக்குள்ள அதுக்குப் படகுன்னு பேரு" என்றேன். அவ்வளவுதான்.

கேள்வி: மூன்று வயது மகன் ஒரே புத்தகத்தை மூன்று வாரமாகக் கேட்கிறான். ஒரு வரி விட்டாலும் அழுகை. புதுப் புத்தகங்கள் அலமாரியில் தூங்குகின்றன. எனக்குச் சலித்துவிட்டது.
– ஓர் அம்மா, தாப்பா

பதில்: சலிப்பு உங்களுக்கு மட்டும்தானே, அவனுக்கு இல்லையே. 2011இல் இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்தார்கள். சிலருக்கு ஒரே கதைகள் திரும்பத் திரும்ப. சிலருக்கு ஒவ்வொரு தடவையும் வேறு வேறு கதை. புதுச் சொற்கள் இருவர் காதிலும் ஒரே எண்ணிக்கையில்தான் விழுந்தன. திரும்பத் திரும்ப ஒரே கதையைக் கேட்ட பிள்ளைகள்தான் அந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் சொல்லைக் கவனிக்க ஓய்வு கிடைக்கிறது என்று நான் புரிந்துகொண்டேன். வரியின் கடைசிச் சொல்லை விழுங்கிவிட்டு அவனைச் சொல்ல விடுங்கள். உங்கள் சலிப்பும் பாதி குறையும்.

கேள்வி: என் மகள் கைப்பேசியில் பாட்டுப் பார்த்து உயிரெழுத்து 12, மெய்யெழுத்து 18 எல்லாம் ஒப்பிக்கிறாள். வயது நாலுதான். அவள் போகும் பாலர் பள்ளியில் சொல்வதெழுதலும் உண்டு. இதற்குமேல் கதைப் புத்தகம் எதற்கு?
– ஓர் அம்மா, சிம்மோர்

பதில்: ஒப்பிக்கிறாள் என்று சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். வாசிக்கிறாள் என்று எழுதவில்லை.

தமிழ் எழுத்தில் ஒரு குணம் உண்டு. கண், பகல், தங்கம் மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூன்றிலும் க இருக்கிறது, மூன்றும் ஒரே ஒலியா? 'பந்து', 'தம்பி', இவற்றில் உள்ள ப-வும் அப்படித்தான். எழுத்து அதைக் காட்டாது, சொல்லை முன்பே காதால் கேட்டவளுக்குத்தான் அது தெரியும். நாமெல்லாம் தடுக்காமல் வாசிக்கிறோம் என்றால் 247 எழுத்தும் தெரிந்ததால் மட்டுமில்லை, சொல் காதில் ஏற்கெனவே இருப்பதாலும்தான். பாட்டு வீடியோ எழுத்தைத் தரும். சொல்லை அது இருக்கும் இடத்தில் வைத்துத் தருவது கதை.

இன்னொன்று. 'கொ' என்று எழுதிப் பாருங்கள். கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் க. இடமிருந்து வலம் வாசி என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, இங்கே மட்டும் முன்னால் இருப்பதைப் பின்னால் சொல் என்கிறோம். நாலு வயதில் இதைச் சொல்வதெழுதலில் திணித்தால் பிள்ளைக்குத் தமிழ் மேல் கோபம்தான் வரும். கன்னடப் பிள்ளைகளைப் பற்றி 2007இல் வந்த ஓர் ஆய்வு, இந்த மாதிரி எழுத்துகள் முழுதும் கைவர ஆண்டுக்கணக்கில் ஆகிறது, ஆங்கில எழுத்துபோலச் சீக்கிரம் முடிவதில்லை என்கிறது. நம் எழுத்து அவர்களுடையதைவிட எளிது, ஆனால் ஜாதி ஒன்றுதான். அவசரம் வேண்டாம். கைதட்டிச் சொல்லை உடைத்து விளையாடுங்கள்: அம்-மா, யா-னை, மு-றுக்-கு. "மா-வுல முடியிற சொல்லு சொல்லு பாப்போம்" என்று குளிப்பாட்டும்போது கேளுங்கள். அம்மா, மாமா, சும்மா என்று வரும். எழுத்துக்கு முன்னால் வர வேண்டியது அந்தக் காது.

திரையைப் பற்றி உலகச் சுகாதார நிறுவனம் 2019இலேயே சொல்லிவிட்டது: ஒரு வயதில் வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, குறைந்தால் நல்லது. அதே குறிப்பில், உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரியவர் கூடவே இருந்து வாசிப்பதையும் கதை சொல்வதையும் ஊக்கப்படுத்துகிறது. என் கைப்பேசியிலும் பேத்திக்குப் பாட்டு உண்டு; நான் முனிவர் இல்லை. சமையற்கட்டில் எண்ணெய் கொதிக்கும்போது கொடுப்பேன்.

கேள்வி: இரண்டு வயதுக் குழந்தை புத்தகத்தைக் கிழிக்கிறது, கடிக்கிறது. பெரிதானபின் கொடுக்கலாமா?
– பெயர் வேண்டாம்

பதில்: கடிக்கட்டும். தடித்த அட்டைப் புத்தகமாகப் பார்த்துக் கொடுங்கள். கிழிந்ததைப் பிள்ளை கண்ணெதிரே சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் தமிழ்ப் படப் புத்தகம் கிடைப்பதில்லை. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வண்ணம் தீட்டும் புத்தகமும் ஆங்கில அகரவரிசையும்தான். கோலாலம்பூர் போக வசதியில்லை. என்ன செய்வது?
– இரண்டு பிள்ளைகளின் அம்மா, சுங்கை சிப்புட்

பதில்: உண்மை. நம் ஊரில் பூஜைச் சாமான் கடை இருக்கிற அளவுக்குக்கூடப் புத்தகக் கடை இல்லை. சென்னையில் தூலிகா, தாரா போன்ற பதிப்பகங்கள் நல்ல பட நூல் போடுகிறார்கள், ஆனால் இங்கே வந்து சேர்வதற்குள் விலை ஏறிவிடுகிறது. நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து வரவழைத்து மாற்றி மாற்றிப் படித்தால் சமாளிக்கலாம்.

காசில்லாமல் வேண்டுமென்றால், பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இணையத்தளம் இருக்கிறது. தமிழில் நிறையப் படக்கதைகள், படிநிலை வாரியாக. இலவசம், இறக்கிக்கொள்ளலாம், அச்சடிக்கவும் தடையில்லை. முதல் படிநிலையில் ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான் இருக்கும், அங்கிருந்து தொடங்குங்கள். கைப்பேசியிலேயே காட்டாமல் அச்சடித்துக் கையில் கொடுங்கள். கதை தமிழ்நாட்டுத் தமிழில் இருக்கும். 'ஆட்டோ' வந்தால் நம் பிள்ளை முழிப்பான், விளக்கிவிடுங்கள்.

எனக்குப் பிடித்த வழி வேறு. என் கடைசி வருஷ வகுப்பில் 18 பிள்ளைகள். ஒரு பையனின் தாத்தாவிடம் பழைய மோட்டார் ஒன்று, தோட்டத்தில் பெரட்டுக்கு, காலையில் பேர் கொடுக்க, போன காலத்து வண்டி. அதைக் கைப்பேசியில் எட்டுப் படம் எடுத்து வரச் சொன்னேன். அச்சடிக்கும் கடையில் தாளில் எடுத்து, ஒரு பக்கத்துக்கு ஒரு வரி, பிள்ளை வாயால் சொன்னதையே எழுதினேன். "இது தாத்தா மோட்டார்." "தாத்தா பசியாறப் போகிறார்." "மோட்டார் கிளம்பவில்லை." பேச்சில் 'கெளம்பல' என்று சொன்னான். "புத்தகத்துக்குள்ள 'கிளம்பவில்லை'ன்னு வரும்" என்றேன், ஒத்துக்கொண்டான். ஆறாம் பக்கத்தில் தாத்தா உதைக்கிறார், உதைக்கிறார். அந்தப் பக்கம் வந்தால் 18 பிள்ளைகளும் எழுந்து நின்று காலை உதைப்பார்கள். அலமாரியில் இருந்த எந்தப் பளபளப்பான புத்தகமும் அந்த அளவுக்கு அழுக்காகவில்லை. 'தாத்தா' என்ற சொல்லை எழுத்துக்கூட்டாமல் அடையாளம் கண்ட முதல் ஆள், வகுப்பிலேயே மிகவும் பேசாத ஒரு பெண் குழந்தை.

உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும். கோயில் திருவிழாவில் காணாமல் போன செருப்பு, அக்கா சுட்ட கருகின தோசை, நாய் குட்டி போட்ட நாள். எட்டுப் படம் போதும், அதற்குமேல் போனால் பிள்ளைக்குப் பொறுமை இருக்காது. எழுத்து பெரிதாக இருக்கட்டும், படத்துக்குக் கீழே ஒரே இடத்தில் வரட்டும். அட்டைக்குக் காலி மைலோ பெட்டியை வெட்டிக்கொள்ளுங்கள். ஸ்டேப்ளர் முள் அடித்தால் அதன் மேல் செலோட்டேப் ஒட்டிவிடுங்கள், சின்ன விரலைக் கீறிவிடும்.